மடிக்கணினிக்கு வெளியே கிராபிக்ஸ் கார்டு: பணம் கட்டும் முன் போர்ட்டைப் பாருங்கள்

கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் அனிமேஷன், வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு படிக்கும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது சாதாரண மடிக்கணினிதான். பாடம் கனமாக ஆக, கணினி திணறத் தொடங்கும். புதிது வாங்க ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும். அப்போது நண்பர்கள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: மேசைக் கணினிக்கான கிராபிக்ஸ் கார்டை வாங்கி, வெளியிலிருந்தே மடிக்கணினியில் இணைத்துவிடலாம் என்பது.

இது முடியும். ஆனால், எல்லா மடிக்கணினியிலும் முடியாது. கார்டை வாங்கிய பிறகு இது தெரியவந்தால், பெற்றோர் சேர்த்து வைத்த பணம்தான் வீணாகும்.

கார்டைத் தனிப் பெட்டி ஒன்றில் பொருத்தி, அதற்குத் தனியாக மின்சாரம் கொடுத்து, ஒரே கேபிளில் மடிக்கணினியுடன் இணைப்பதே வழக்கமான முறை. அந்தக் கேபிள் நுழையும் போர்ட்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. யுஎஸ்பி-சி போர்ட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், பலவற்றில் சார்ஜ் செய்யவும் கோப்புகளை மாற்றவும் மட்டுமே முடியும். கார்டுக்குத் தேவை தண்டர்போல்ட் 3, அதற்கு அடுத்து வந்தவை, அல்லது யுஎஸ்பி 4.

தண்டர்போல்ட் போர்ட்டின் அருகில் பெரும்பாலும் சிறிய மின்னல் குறி இருக்கும். யுஎஸ்பி 4 உள்ள எல்லா மடிக்கணினிகளும் வெளிக் கார்டை ஏற்பதில்லை. எனவே மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் உறுதி செய்வது நல்லது. ஆப்பிளின் எம்1 சிப்புடன் 2020இல் வந்த மேக்புக்குகளில் தண்டர்போல்ட் இருந்தும், வெளிக் கார்டுக்கு ஆப்பிள் ஆதரவு தரவில்லை.

சரியான போர்ட் இருந்தாலும் கார்டின் முழுவேகம் கிடைக்காது. மேசைக் கணினியில் கார்டுக்குப் பொதுவாக 16 தடங்கள் உண்டு. தண்டர்போல்ட் 3, 4 வழியே கிடைப்பது 4 தடங்கள் மட்டுமே. நெடுஞ்சாலையில் ஓட வேண்டிய வண்டிகளைத் தோட்டத்துச் சாலையில் விடுவது போன்றது இது. விளையாட்டுகளில் இந்தக் குறை அதிகம் தெரியும். தரவைக் கார்டின் நினைவகத்தில் ஏற்றிவிட்டு நீண்ட நேரம் ஓடும் ரெண்டரிங் போன்ற வேலைகளில் குறைவாகத் தெரியும். தனித் திரையைக் கார்டிலேயே நேராக இணைத்தால் வேகம் சற்றுக் கூடும்.

தண்டர்போல்ட் இல்லாதவர்கள், மடிக்கணினியைத் திறந்து உள்ளே உள்ள எம்.2 இடத்தில் அடாப்டர் செருகுவதும் உண்டு. செலவு குறைவுதான். ஆனால் உத்தரவாதம் பறிபோகலாம். அனுபவம் இல்லாதவர்கள் தொடாமல் இருப்பதே மேல்.

அதற்கு முன் ஒரு சோதனை. கணினி திணறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நினைவகம் நிரம்பி வழிந்தால், குற்றவாளி கிராபிக்ஸ் அல்ல. ரேம் கூட்டினாலே வேலை முடியலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் மட்டும் ரேமை மாற்ற முடியாது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். கார்டு, பெட்டி, பவர் சப்ளை, கேபிள், தேவைப்பட்டால் திரை ஆகிய அனைத்தையும் கூட்டினால், பயன்படுத்திய நல்ல மேசைக் கணினி ஒன்றின் விலையை எட்டிவிடலாம். விடுதிக்கும் வீட்டுக்கும் கணினியைத் தூக்கிச் செல்லும் பிள்ளைக்கு வெளிக் கார்டு பொருந்தும். வீட்டிலேயே வேலை செய்யும் பிள்ளைக்கு மேசைக் கணினியே லாபம்.

வாங்குவது என்று முடிவானால், மடிக்கணினியைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். லோ யாட் பிளாசாவோ, பக்கத்துப் பட்டணத்துக் கடையோ, அங்கேயே இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். வீட்டில் இடி மின்னல் தொடங்கினால், கணினியை முறையாக அணைத்துவிட்டு, பெட்டியின் பிளக்கையும் கழற்றி வையுங்கள்.