பதினைந்து பேருக்குக் குறைந்தால் சட்டம் இல்லையா?

நமது நகரங்களிலுள்ள புடவைக் கடைகள், இரும்புக் கடைகள், உணவகங்கள் பலவற்றில் எட்டுப் பேரோ பத்துப் பேரோதான் வேலை செய்கின்றனர். பெரும்பாலும் அவர்கள் உறவினர் அல்லது ஊரவர். நியமனக் கடிதம் இல்லை, வாய்ச்சொல்லே ஒப்பந்தம். ‘பதினைந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்தால் தொழிற் சட்டம் நம்மைத் தொடாது’ என்ற எண்ணமும் உரிமையாளர் மத்தியில் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பாதி உண்மையே. மறுபாதியை அறியாதிருப்பதால் ஏற்படும் இழப்பு இரு தரப்பினரையும் சாரும்.

பதினைந்து என்ற எண்ணிக்கை முக்கியமாக இரு சட்டங்களில் வருகின்றது. ஒன்று, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். ஐந்து ஆண்டுகள் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் வீதம், விலகி 30 நாட்களுக்குள் வழங்குமாறு அது விதிக்கின்றது. மற்றையது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணங்களுக்காக ஒருவரை நீக்குவதாயின், அவரது எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ தேவை என்கிறது அது.

ஆனால், 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்துக்கு இந்த எல்லை கிடையாது. ஒரே ஓர் ஊழியர் இருந்தாலும், அவர் தற்காலிகமானவராயினும், முதல் நாளிலிருந்தே அது பொருந்தும். மாத உழைப்பு 40,000 ரூபா எனக் கொள்வோம். ஊழியரின் 8 சதவீதம் 3,200 ரூபா. உரிமையாளரின் 12 சதவீதம் 4,800 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கென உரிமையாளர் செலுத்தும் 3 சதவீதம் 1,200 ரூபா. கடையில் தங்கியிருக்கும் ஊழியருக்கு வழங்கும் உணவின் பெறுமதியும் சேமலாப நிதிக்கான கணிப்பில் சேரும் என்பதைப் பலர் அறிவதில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவு அதில் சேராது.

சேமலாப நிதிப் பங்களிப்பை அடுத்த மாத இறுதிக்குள் செலுத்த வேண்டும். பத்து நாட்கள் வரையான தாமதத்துக்கு 5 சதவீதம் மிகைக்கட்டணம்; ஓராண்டைக் கடந்தால் அது 50 சதவீதம். பல ஆண்டு நிலுவை ஒரே தடவையில் கோரப்படுமாயின் சிறிய கடையொன்றினால் அதனைத் தாங்க இயலுமா?

பணி நீக்கத்திலும் இதே நிலைதான். பதினைந்து பேருக்குக் குறைந்த நிறுவனத்தின் ஊழியரும் தாம் நீக்கப்பட்ட ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய மன்றத்தை நாடலாம். அங்கு பணிக்கொடையையும் கோரலாம். அவ்வேளையில், எழுத்தில் எதுவும் வைத்திராத உரிமையாளர் தமது நியாயத்தை நிறுவ இயலாது திண்டாடுவார்.

ஆகவே, பதவி, சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றைக் குறிப்பிட்டு நியமனக் கடிதம் வழங்குவதும், சம்பளப் பதிவேட்டில் மாதந்தோறும் கையொப்பம் பெறுவதும் இன்றே தொடங்க வேண்டியவை. இருபது ஆண்டுகள் கடையின் படியேறிய ஒருவர் முதுமையில் வெறுங்கையுடன் வெளியேறக் கூடாது. உறவையும் நம்பிக்கையையும் எழுத்து குலைத்துவிடுவதில்லை. பிணக்கு நேரும் நாளில் அவற்றைக் காப்பது அதுவே.