கடனை ஒரே தாளில் எழுதுங்க

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். பெரும்பாலும் கிராமக் கிளைகள். ஓய்வுக்குப் பிறகு மூன்று ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறேன். நிலத்தைப் பார்க்க வரும் நண்பர்கள் ஜீவாமிர்தம், விதை எல்லாம் கேட்டுவிட்டு, கிளம்பும்போது மெதுவாகக் கடன் பேச்சை எடுப்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்க.

போன தை மாதம் வந்த ஒரு நண்பர், "மொத்தம் எவ்வளவுன்னு எனக்கே தெரியல சார்" என்றார். உட்கார்ந்து எழுதினோம். வங்கிப் பயிர்க்கடன் 1,60,000. வெளியில் மூணு வட்டிக்கு 1,00,000. உரக்கடை பாக்கி 40,000. வங்கித் தவணை நெருங்குகிறதே என்றுதான் அவருக்குத் தூக்கமில்லை. ஆனால் 7 சதவீத வட்டியில் பயிர்க்கடனுக்கு வருஷம் 11,200 ரூபாய்தான். மூணு வட்டி என்றால் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். அந்த ஒரு லட்சம் மட்டும் 36,000 ரூபாய் தின்கிறது!

அதனால் வட்டி கூடின கடனை முதலில் அடையுங்கள். நகை இருந்தால் வங்கியில் வைத்து வெளிக்கடனை முடிக்கலாம். பணம் கொடுத்த கையோடு புரோநோட்டையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலைகளையும் திருப்பி வாங்கிவிடுங்கள். மறுபடி அங்கேயே போய்க் கை நீட்டினால் நகையும் போச்சு. மிரட்டிக் கந்துவட்டி கேட்டால், தமிழ்நாட்டில் 2003 முதல் அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது.

வங்கியைக் கண்டு ஒளியாதீர்கள். 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை. 4 சதவீதம்தான் விழும். கட்ட முடியாது என்று தெரிந்தால் கெடுவுக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். இயற்கைச் சீற்றத்தில் 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதமானால் தவணையை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கி விதியில் இடமுண்டு. குறுகியகாலப் பயிருக்கு, கெடு தாண்டி இரண்டு பருவம் போனால் அது வாராக்கடன். அப்போதும் லோக் அதாலத்தில் நீதிமன்றக் கட்டணமின்றிப் பேசி முடிக்கலாம். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது.

இயற்கைக்கு மாறினால் கடன் தானாகத் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. முதல் இரண்டு மூன்று வருஷம் விளைச்சல் குறையலாம். கடனோடு இருப்பவர் முழு நிலத்தையும் ஒரே வருஷத்தில் மாற்ற வேண்டாம். ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். பலதானிய விதைப்பு, ஒரு மாட்டின் சாணம், கோமியம், வீட்டு விதை போதும். உரக்கடையில் புதுப் பாக்கி ஏறாமல் நிற்கிறதே, அதுதான் முதல் லாபம். இயற்கை இடுபொருள் என்று பாட்டில் பாட்டிலாகக் கடனுக்கு வாங்கினால் அதுவும் பழைய கதைதான்.

இதற்கும் அடங்காத கடன் என்றால், அரை ஏக்கரை நல்ல விலைக்கு நாமே விற்பது, பிறகு அவசரத்தில் இரண்டு ஏக்கரை இழப்பதைவிட மேல். சொல்லக் கசக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தாளை வீட்டுக்காரம்மாவிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் காட்டுங்கள். மறைத்து வைத்த கடன்தான் ஆளைக் கொல்கிறது. மனசு ரொம்பத் தளர்ந்தால் 14416-க்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் பேசலாம். கடனுக்குத் தவணை மாற்றலாம், நிலத்தைத் திரும்ப வாங்கலாம். போன உயிரை மீட்க எந்த வங்கியிலும் வழியில்லை.