புரையேறுதலை அலட்சியம் செய்யலாகாது

சாப்பிடும்போது ஒருவருக்குப் புரையேறினால், 'யாரோ நினைக்கிறார்கள்' என்று சொல்லி, உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடுத்த கவளத்தை நீட்டுவது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். வாலிபப் பருவத்தில் எப்போதோ நேரும் புரைக்கு அந்த உபசாரம் போதுமானதாயிருக்கலாம். ஆனால், எழுபது பிராயம் கடந்த ஒருவருக்கு, அதிலும் பக்கவாதமோ நடுக்குவாதமோ மறதி நோயோ கண்டவருக்கு, வேளைதோறும் புரையேறுமானால், அது விழுங்கும் சக்தி குன்றிவருவதன் அறிகுறியாயிருக்கலாம் என்பதையும், அலட்சியம் பிராணாபாயத்தில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதையும் குடும்பத்தார் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

நாம் விழுங்குகிற க்ஷணத்தில் குரல்வளை மேலெழும்பி, சுவாச வழி மூடிக்கொள்கிறது. தசையும் நரம்பும் தளர்ந்தவர்களிடம் இந்தக் காரியம் தாமதித்து நடப்பதால், ஆகாரமும் நீரும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை விளைவிக்கின்றன. சிலருக்கு இருமல்கூட வராமலே இது நேர்ந்துவிடுவதுதான் விசேஷ அபாயம். ஆகையால், சாப்பிட்டபின் குரல் நீர் கோத்தாற்போல் கரகரப்பது, கன்னத்தின் உட்புறத்தில் சோறு அடங்கிக் கிடப்பது, காரணம் விளங்காத காய்ச்சல் அடிக்கடி வருவது, அறுபது கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்தில் மூன்று கிலோ மெலிவது ஆகிய இவற்றில் எது தென்பட்டாலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

அன்பின் மிகுதியால் நேரும் பிழை ஒன்றுண்டு. மெல்ல முடியாதவருக்கு நீர்த்த ஆகாரமே எளிது என்றெண்ணி, ரசமும் மோரும் கஞ்சித் தண்ணீருமாகப் புகட்டுகிறோம். விழுங்கும் சக்தி குன்றியவர்களில் பலருக்கு அதுவே மிகுந்த அபாயம். ஏனெனில், நீர்த்த பொருள் விரைந்தோடி, சுவாச வழி மூடுவதற்கு முன்பே உட்புகுந்துவிடுகிறது. ரசஞ்சாதத்திலோ நீர் முந்திக்கொள்ள, பருக்கை பின்தங்குகிறது. குழையப் பிசைந்த பருப்புச் சாதம், கெட்டித் தயிரில் மசித்த சோறு, வேகவைத்து மசித்த காய் முதலியன ஒரே பதமாயிருப்பதால் பெரும்பாலும் சிரமமின்றி இறங்கும். எனினும், யாருக்கு எந்தப் பதம் தகும் என்பதை, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரைக் கலந்தே முடிவு செய்தல் வேண்டும்.

ஊட்டுகிறவர் நின்றுகொண்டு அவசரப்படலாகாது. முதியவரை நிமிர உட்கார வைத்து, தாமும் எதிரே அமர்ந்து, சிறு கரண்டியால் ஒரு வாய் கொடுத்து, அவருடைய தொண்டை மேலேறி இறங்குவதைக் கண்ணாரக் கண்ட பிறகே மறுவாய் கொடுக்க வேண்டும்; உண்டபின் அரை மணி நேரமாவது படுக்க விடாதிருத்தல் நலம். மாத்திரைகளைத் தம் இஷ்டப்படி பொடித்துக் கொடுப்பதும் தவறு; பொடித்தால் கெடுதல் செய்யும் மாத்திரைகள் உண்டு. வாயைத் தினந்தோறும் சுத்தம் செய்வது அற்ப விஷயமன்று: ஜப்பானிய முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்டு 1999இல் லான்செட் இதழில் வெளியான ஆராய்ச்சி, அவ்வாறு செய்யப்பட்டவர்களுக்கு நிமோனியா குறைவாகவே கண்டது எனத் தெரிவித்தது.

வாய் திறக்க மறுப்பவரைப் 'பிடிவாதக்காரர்' என்று கடிந்துகொள்வதற்கு முன், பல்செட் உறுத்துகிறதா, நாக்கில் புண்ணா, மருந்தால் வாய் உலர்ந்ததா, மலச்சிக்கலா, மனத்துயரா என்று விசாரித்தறிவது நியாயம்.

சட்டமும் இவர்களைக் கைவிடவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, பராமரிப்பு என்பதற்குள் உணவு, உடை, உறைவிடம், மருத்துவ சிகிச்சை ஆகியவற்றை அடக்குகிறது. விழுங்க இயலாதவர் முன்னே தட்டை வைத்துவிட்டுப் போவது உணவளித்ததாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். பராமரிப்பு மறுக்கப்பட்டவர், தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. முதியவரை அடியோடு கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எழுந்து நடமாட இயலாதவருக்காக, அவர் அதிகாரமளிக்கும் வேறொருவரோ தொண்டு நிறுவனமோ மனுச் செய்யலாம். தீர்ப்பாயம் தானாகவே விசாரணையை மேற்கொள்ளவும் கூடும். அண்டை வீட்டில் ஒரு முதியவர் பட்டினியாய்க் கிடப்பதை அறிந்தவர்கள், 14567 என்ற கட்டணமில்லாத முதியோர் உதவி எண்ணை அழைத்துத் தகவல் தரலாம்.