இராட்சதர் யார்? எபிரேய வேதத்தின் சில புதிர்ப் பகுதிகளும் நம் வாசிப்பும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைச் சொல்லி, படத்துக்கு மாலை போட்டு முடிப்பது வழக்கமாகிவிட்டது. யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ, அந்த மூத்த தோழருக்கு மாலையும் பிடிக்காது, புகழுரையும் பிடிக்காது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகவே ஆயுளைக் கழித்தவர். சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கிய கையோடு, ஞாயிற்றுக்கிழமை மதியம் நம்மைக் கூட்டி உட்கார வைத்து அம்பேத்கரையும் அயோத்திதாசரையும் வாசிக்கச் செய்தவர். அந்த வாசிப்பு வட்டத்தில் அவர் பதில் சொல்லாமல் விட்டுப்போன கேள்வி ஒன்று உண்டு. இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

கைமடி வேலை பார்த்த ஒரு தங்கை கேட்டாள்: “ஏனுங்கண்ணா, பைபிள்லயும் ராட்சசங்க இருக்காங்களாமே? அவிய யாருங்க? நம்ம ஆளுங்களா?” நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “சரியான கேள்வி கண்ணு, படிச்சுட்டு வந்து பேசுவோம்” என்றார். பேசுவதற்குள் போய்விட்டார்.

அந்தக் கேள்வி அவருக்கு ஏன் உறைத்தது என்பது நமக்குத் தெரியும். அவருடைய தாயார் மதுரை வீரனைக் கும்பிட்டவர். மனைவி சபைக்குப் போகிறவர். வீரன் சாமியா, பேயா என்கிற சண்டை அந்த வீட்டில் ஓய்ந்ததே இல்லை. நம்மில் பலர் வீடுகளிலும் ஓயவில்லை. வேதத்தில் அரக்கர், பேய், தேவகுமாரர் என்று வரும் இடங்களை எப்படிப் படிப்பது என்பது நமக்குப் பண்டிதர் விவகாரம் அல்ல. அது நம் அம்மாக்களின் மரியாதை சம்பந்தப்பட்டது.

நான்கு வசனங்கள், மூன்று விளக்கங்கள்

ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்கள்தான் புதிரின் தொடக்கம். மனிதர்கள் பெருகுகிறார்கள். ‘தேவகுமாரர்’ எனப்படுவோர் மனிதரின் பெண்மக்களுடைய அழகைப் பார்த்து, தங்களுக்கு வேண்டியவர்களையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் பூமியில் நெபிலிம் இருந்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. அடுத்ததாகப் பூமியில் அக்கிரமம் பெருகிவிட்டதென்று சொல்லி வெள்ளம் வருகிறது. இந்தத் தேவகுமாரர் யார்? நெடுங்காலமாக மூன்று பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன.

முதல் பதில், அவர்கள் வானவர் என்பது. யோபு நூலில் இதே சொல் கடவுளின் சபையில் நிற்பவர்களைக் குறிக்கிறது. ஏனோக்கு என்ற பழைய நூல் இந்த நான்கு வசனங்களைப் பெருங்கதையாக விரிக்கிறது. எத்தியோப்பியத் திருச்சபை அதை வேதமாகவே வைத்திருக்கிறது. 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் அதன் அரமேய மொழித் துண்டுகளும் இருந்தன. அந்தக் கதையில் 200 வானவர்கள் எர்மோன் மலையில் இறங்கிப் பெண்களை எடுத்துக்கொள்கிறார்கள். பிறந்த அரக்கர்கள் முதலில் மக்களின் விளைச்சலைத் தின்கிறார்கள், பிறகு மக்களையே தின்கிறார்கள். அசாசேல் என்பவன் ஆயுதம் அடிக்கவும், நகை செய்யவும், சாயம் போடவும் கற்றுக்கொடுக்கிறான். சாயத்தால் நொய்யல் செத்ததையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்த திருப்பூர்க்காரர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். விளைச்சலைத் தின்று பிறகு ஆளையும் தின்பது நமக்குப் புதுக் கதை இல்லை.

இரண்டாவது பதில், அவர்கள் சேத்தின் வம்சத்து நல்லவர்கள், பெண்கள் காயீனின் வம்சத்தார் என்பது. அகுஸ்தீன் இந்தப் பக்கம் நின்றார். சபைகளில் அதிகம் போதிக்கப்படுவதும் இதுதான். இந்த விளக்கத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். ‘நல்ல வம்சம் கெட்ட வம்சத்தில் கலந்ததால் கேடு வந்தது’ என்ற கருத்து எங்கிருந்து வந்தாலும், நம் ஊரில் இறங்கியதும் மனுவின் குரலில் பேசத் தொடங்கிவிடும். மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் சண்டாளரை இப்படித்தான் பிறப்பிக்கிறது: சூத்திர ஆணும் பிராமணப் பெண்ணும் கலந்து பிறந்தவர்களாம். கலப்பினால் பிறந்தது கேடு என்கிற தர்க்கம் ஆணவக் கொலையில் போய் முடிவதை இந்தக் கொங்கு மண்ணில் கண்ணால் பார்த்தவர்கள் நாம்.

மூன்றாவது பதில், அவர்கள் அதிகாரம் படைத்த மனிதர்கள் என்பது. பழைய யூத மரபில் ஒங்கெலோசின் அரமேய மொழிபெயர்ப்பு அவர்களைப் பெரியோரின் பிள்ளைகள் என்கிறது. நீதிபதிகளின் பிள்ளைகள் என்று சொன்ன ரபிகளும் உண்டு. 1962இல் மெரடித் கிளைன் என்ற அறிஞர், தங்களைக் கடவுளின் மைந்தர் என்று சொல்லிக்கொண்ட பழங்கால அரசர்களே இவர்கள் என்று வாதிட்டார். 1977இல் ஜார்ஜ் நிக்கல்ஸ்பர்க், ஏனோக்கு நூலின் அரக்கர்களுக்குப் பின்னால் அலெக்சாந்தருக்குப் பிறகு அடித்துக்கொண்ட போர்த்தலைவர்கள் நிற்கிறார்கள் என்றார்.

இந்த மூன்றில் எது மூல ஆசிரியரின் எண்ணம்? ‘தேவகுமாரர்’ என்ற சொல்லின் மற்ற வழக்குகளைப் பார்த்தால் முதல் பதிலுக்கே பலம் அதிகம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதலுக்கும் மூன்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. மேலே இருப்பவன், தனக்கு வேண்டிய பெண்ணைக் கேட்காமல் எடுத்துக்கொள்கிறான். அந்த நான்கு வசனங்களில் பெண்களுக்குப் பேச்சே இல்லை. அவர்கள் சம்மதித்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. பின்னால் எழுதப்பட்ட ரூபனின் சாட்சியம் என்ற நூல் இன்னும் ஒரு படி மேலே போய், பெண்கள்தான் அலங்காரத்தால் வானவரை மயக்கினார்கள் என்று பழியைத் திருப்பிவிட்டது. பாதிக்கப்பட்டவள் மேலேயே பழியைப் போடும் வேலை அவ்வளவு பழையது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டதையும், ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானதையும் நாம் மறக்கவில்லை. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடியதன் பலனாக, 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைத் தடுக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கும் அயல்நாட்டு வணிகப் பெயர்களுக்கும் உண்டு என்று அது எழுத்தில் வாங்கியது. ஆதியாகமத்தின் அந்த நான்கு வசனங்களை அந்தப் பெண்களோடு உட்கார்ந்து படித்தால், வானவரா மனிதரா என்பதைவிட, ‘எடுத்துக்கொண்டார்கள்’ என்ற வினைச்சொல்தான் கண்ணில் படும்.

ஒரே சொல்லில் இரண்டு கூட்டம்

இப்போது தங்கையின் கேள்விக்கு வருவோம். 1871இல் வெளியான, பவர் தலைமையில் செய்யப்பட்ட தமிழ் வேதாகமம்தான் நம் பெரும்பாலான வீடுகளில் இருப்பது. அதில் ஆதியாகமத்தின் நெபிலிம் ‘இராட்சதர்’ ஆகிறார்கள். உபாகமம் 2ஆம் அதிகாரத்தில் வரும் ரெபாயீமும் ‘இராட்சதர்’ ஆகிறார்கள். எபிரேயத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். தமிழில் ஒன்றாகிவிட்டன.

நெபிலிம் என்பதை ‘விழு’ என்ற வேர்ச்சொல்லோடு பலர் இணைப்பார்கள். ரெபாயீம் கதை வேறு. சங்கீதங்களிலும் ஏசாயாவிலும் அந்தச் சொல் இறந்தோரைக் குறிக்கிறது. 1929 முதல் சிரியாவில் தோண்டி எடுக்கப்பட்ட உகாரித் நகரக் களிமண் பலகைகளில் அதே சொல் இறந்துபோன அரச முன்னோரைக் குறிக்கிறது. உபாகமத்திலோ அது ஒரு நிலத்தின் பழைய குடிகளின் பெயர். அங்கே இன்னொரு செய்தியும் இருக்கிறது. மோவாபியர் அவர்களை ஏமியர் என்றார்கள், அம்மோனியர் சம்சூமியர் என்றார்கள். எல்லாம் அந்த நிலத்தைப் பிடித்தவர்கள் வைத்த பெயர்கள். அவர்கள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்று எங்கும் எழுதப்படவில்லை. பிறர் வைத்த பெயரோடு வாழ்ந்து பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆதியாகமத்தில் எடுத்துக்கொண்டவர்கள் பக்கத்தில் நிற்கும் பெயர் நெபிலிம். உபாகமத்தில் நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் பெயர் ரெபாயீம். பறித்தவனும் பறிகொடுத்தவனும் தமிழில் ஒரே ‘இராட்சதர்’.

இந்தக் குழப்பத்தை மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் செய்யவில்லை. எண்ணாகமம் 13இல் கானானை வேவு பார்க்கப் போன 12 பேரில் 10 பேர் பயந்துபோய்த் திரும்புகிறார்கள். அந்த ஊர்க்காரர்களான ஏனாக்கியரைப் பார்த்துவிட்டு, நெபிலிமைக் கண்டோம் என்று சொல்கிறார்கள். எதிரே நிற்பது சொந்த ஊரில் குடியிருக்கும் மக்கள். அவர்கள் தலையில் பழைய கொடுங்கதையின் பெயரை ஏற்றிவிடுகிறார்கள். கூடவே, எங்கள் கண்ணுக்கே நாங்கள் வெட்டுக்கிளிகளாகத் தெரிந்தோம் என்கிறார்கள். பயம் இரண்டு வேலை செய்கிறது. எதிரில் இருப்பவனை அரக்கனாக்குகிறது, நம்மைப் பூச்சியாக்குகிறது.

அரக்கன் எப்படி வளர்கிறான் என்பதற்குக் கோலியாத்தே சாட்சி. நம் கையில் இருக்கும் வேதத்தில் அவன் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும், ஏறத்தாழ 9¾ அடி. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் கும்ரானில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் நான்கு முழமும் ஒரு சாணும்தான், ஏறத்தாழ 6¾ அடி. பிரதி எடுத்த கைகளுக்கு இடையில் எங்கோ ஆள் மூன்றடி வளர்ந்துவிட்டான் என்றே அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

நம் நாட்டில் இந்த வேலையை முதலில் அம்பலப்படுத்தியவர்களில் ஒருவர் ஜோதிராவ் புலே. 1873இல் வெளியான ‘குலாம்கிரி’யில், புராணங்கள் இராட்சதர் என்று இழித்தவர்கள் இந்த மண்ணைக் காத்து நின்ற மக்களே என்று எழுதினார். தமிழ்நாட்டில் பெரியார் இராமாயணத்தை எடுத்து வைத்துக் கேட்டதும் அதே கேள்விதான். வட அமெரிக்கப் பூர்வகுடி ஓசேஜ் இனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் எழுதிய கட்டுரையில், யாத்திராகமக் கதையைக் கானானியரின் கண்ணால் படிக்கச் சொன்னார். இது தலித் இறையியலுக்கும் ஒரு சவால். ஏ.பி. நிர்மல் உபாகமம் 26ஐ எடுத்துக்கொண்டு, அடிமைத்தளையிலிருந்து வந்த அலைகுடிகளின் அறிக்கையை நம் அறிக்கையாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அது நமக்குப் பெரும் பலம். ஆனால் எகிப்தில் நாம் இஸ்ரவேலர் என்றால், கானானில் நாம் யார்? இரண்டு பக்கமும் நின்று படித்தால்தான் வாசிப்பு நேர்மையாகும்.

காவல் தெய்வம் பேயானது

அடுத்தது அந்த வீட்டுச் சண்டை. உபாகமம் 32இல் மக்கள் ‘ஷேதிம்’ என்பவற்றுக்குப் பலியிட்டதாக வருகிறது. தமிழில் அது ‘பேய்கள்’. இதே சொல்லின் உறவான ‘ஷேது’ மெசபத்தோமியாவில் காக்கும் ஆவியின் பெயர். அரண்மனை வாசலில் நிறுத்திய சிறகு முளைத்த காளைகளோடு அந்தப் பெயரை இணைத்துச் சொல்வார்கள். ஓரிடத்தில் வாசல் காவல், இன்னோரிடத்தில் பேய்.

இங்கேயும் அதுதான் நடந்தது. 1849இல் ராபர்ட் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார் பற்றி எழுதிய நூலில், அந்த மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தினார். ஊர்க் கோவிலுக்குள் நுழைய விடாதவனின் தெய்வத்துக்குத் ‘தத்துவம்’ என்று பெயர், வெளியே நின்றவனின் தெய்வத்துக்குப் ‘பேய்’ என்று பெயர்.

மதுரை வீரன் யார்? அருந்ததியர் வீட்டில் வளர்ந்து, பொம்மியையும் வெள்ளையம்மாளையும் சேர்ந்ததற்காக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் என்கிறது கதை. அவன் பிறப்பால் அரசகுமாரன் என்று பின்னால் ஒட்டவைத்ததை நாம் அறிவோம். கொல்லப்பட்டவனை மறக்க மறுத்த மக்கள், வாசலில் நிறுத்திக் கும்பிட்டார்கள். இதைச் சொல்வதால் எல்லோரும் வீரனைக் கும்பிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம்மில் பௌத்தரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு, கடவுள் மறுப்பாளரும் உண்டு. கும்பிடாமல் இருப்பது அவரவர் உரிமை. ஆனால் கொலையுண்டவனைப் பேய் என்று சொல்லும்போது கொன்றவன் தப்பித்துக்கொள்கிறான்.

தேவர்களுக்கு ஒரு விசாரணை

கடைசியாக 82ஆம் சங்கீதம். எட்டே வசனங்கள். கடவுள் தேவர்களின் சபையில் எழுந்து நின்று தேவர்களையே விசாரிக்கிறார். இந்தத் தேவர் வானவரா, மனித நீதிபதிகளா என்று இங்கேயும் பழைய வழக்கு உண்டு. குற்றச்சாட்டில் மட்டும் குழப்பம் இல்லை. ஏழைக்கும் திக்கற்றவனுக்கும் நியாயம் செய்யவில்லை, அக்கிரமக்காரனுக்குப் பக்கம் சாய்ந்தீர்கள் என்பதுதான் அது. தீர்ப்பு, மனிதரைப் போலவே நீங்களும் சாவீர்கள் என்பது. பலி குறைந்தது, பூசை தவறியது என்று ஒரு வார்த்தை இல்லை. தெய்வம் என்று சொல்லிக்கொள்பவர் எவரானாலும் அந்தக் கூண்டில் ஏறி ஏழைக்கு என்ன செய்தாய் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே மாணவ நண்பர்களே, எந்த வேதத்தில், எந்தப் புராணத்தில் அரக்கன் வந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அந்தப் பெயரை வைத்தது யார்? அந்தப் பெயருக்கு உரியவன் கையில் இருப்பது பிறருடைய பெண்ணும் விளைச்சலுமா, அல்லது பறிபோகிற அவனுடைய சொந்த நிலமா?

அந்தத் தங்கை இப்போது டெய்லராகிவிட்டாள். ஒன்றரை ஷிஃப்ட் முடித்துவிட்டு இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு மூத்த தோழர் சார்பில் நம் பதில் இது: சில இடங்களில் அவர்கள் நம்ம ஆளுங்கதான் கண்ணு, சில இடங்களில் நம்மைத் தின்றவர்கள். பெயரை வைத்து முடிவு கட்டாதே. எந்த இடத்திலும், யார் எவ்வளவு உயரம் என்று சொன்னாலும், நம்மை நாமே வெட்டுக்கிளி என்று நினைக்க மட்டும் வேண்டாம்.

ஜெய் பீம்.