பெருங்குடல் அகநோக்கற் சோதனை

கண்ணில் நோயுற்றவன் அதனைக் காண்பவரிடமெல்லாம் கூறுவான். பல்வலியுற்றவனின் துன்பத்தை அயலார் அனைவரும் அறிவர். ஆனால், மலத்தோடு குருதி கண்டவன் அதனைத் தன் இல்லாளிடத்தும் மறைத்துவிடுகின்றான். மூல நோயாக இருக்கும், உடற்சூட்டினால் வந்திருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு ஓராண்டைக் கழிப்பவரும் உளர். இந்நாணத்தால் விளையுங் கேடு பெரிது. அக்கேட்டினைத் தவிர்க்கவல்ல பெருங்குடல் அகநோக்கற் சோதனை யாது என்பதும், அதற்குச் செல்வோர் எதிர்பார்க்கற்பாலன எவை என்பதும் ஈண்டு விளக்கப்படும்.

பெருங்குடலும் குடல்முளைகளும்

பெருங்குடல் ஏறத்தாழ 150 சதமமீற்றர் நீளமுடையது. வயிற்றின் வலப்புறத்தே தொடங்கி மேலேறி, குறுக்கே சென்று, இடப்புறத்தே இறங்கி, நெளிந்து நேர்குடலில் முடிகின்றது. இதன் உட்சுவரிற் சிலருக்குச் சிறு முளைகள் தோன்றுவதுண்டு. மருத்துவர் இவற்றைப் பொலிப் என்பர். இவற்றுட் பல தீங்கற்றவை. சில மட்டும் மெல்ல வளர்ந்து, பெரும்பாலும் பத்தாண்டளவிற் புற்றுநோயாக மாறுகின்றன. பெருங்குடற் புற்றுநோய்களுட் பெரும்பாலன இவ்வாறு தோன்றுவனவே. ஆகவே, முளையைக் கண்டவிடத்தே களைந்துவிடின் நோய் தோன்றாமலே தடுக்கலாம். வந்த நோயைக் காண்பதோடமையாது வருநோயையும் தடுத்தல் இச்சோதனையின் தனிச்சிறப்பாகும்.

கருவியின் வரலாறு

யேர்மனிய மருத்துவர் குஸ்மவுல் 1868 ஆம் ஆண்டில், வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனின் துணைகொண்டு, வளையாத குழாயொன்றினால் இரைப்பையின் உள்ளே நோக்க முயன்றார். வளைவுகள் மிகுந்த பெருங்குடலுக்கு அத்தகைய குழாய் பயன்படாது. கண்ணாடி இழைகளின் வழியே ஒளியை வளைத்துச் செலுத்தும் முறை கைவந்த பின்னரே வழி திறந்தது. 1957 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஹேர்ஷோவிற்ஸ் என்பார் இவ்விழைகளாலான வளையுங் கருவியை இரைப்பைக்கென அமைத்தார். 1969 இல் நியூ யோர்க்கில் வூல்வ், ஷின்யா என்னும் இருவர், பெருங்குடலுட் செலுத்திய கருவியின் வழியே கம்பிக் கண்ணியொன்றை அனுப்பிக் குடல்முளையை அகற்றிக் காட்டினர். வயிற்றைக் கீறிச் செய்யவேண்டியிருந்த சத்திரசிகிச்சை அன்று முதல் பலருக்கு வேண்டாததாயிற்று. இக்காலக் கருவி விரலளவு பருமனுடையது. அதன் நுனியிலுள்ள நுண்ணிய கமரா குடலின் உட்புறத்தைத் திரையிற் காட்டும்.

முன்னாயத்தம்

இச்சோதனையிற் கடினமான பகுதி முதல் நாளிலேயே நிகழ்வது என்பது செய்துகொண்டோர் பலரின் துணிபு. குடல் முற்றாகத் துப்புரவாகாவிடின் சிறு முளைகள் மலத்தின் கீழ் மறைந்துவிடும். சோதனையை மீண்டுஞ் செய்யவும் நேரிடும். ஆதலின், இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே தவிடு நீங்காத சிவப்பரிசி, கீரை, பயறு, கொய்யா, மாதுளை போன்ற நாரும் விதையுமுள்ள உணவுகளை நீக்கி, வெள்ளையரிசிச் சோறு, இடியப்பம், முட்டை, மீன் என்பவற்றை உண்ணல் வேண்டும். முதல் நாளிற் பெரும்பாலும் தெளிந்த நீராகாரமே விதிக்கப்படும். பால் சேராத தேநீர், இளநீர், வடித்த இரசம் என்பன அத்தகையன. சிவந்த நிறமுள்ள பானங்கள் குருதியென மயக்கந் தருமாதலால் விலக்கற்பாலன.

பின்னர், பேதி மருந்துத் தூளை இரண்டு முதல் நான்கு இலீற்றர் வரையான நீரிற் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகல் வேண்டும். பாதியை முதல் நாள் மாலையிலும் பாதியைச் சோதனை நாட் காலையிலும் பருகுவதே சிறந்த முறை. குளிரச் செய்து பருகின் சுவை பொறுக்கத்தக்கதாகும். பலமுறை மலங்கழியும், ஈற்றில் மஞ்சள் நிறமான தெளிந்த நீரே வெளியேறும். அதுவே குடல் துப்புரவாயிற்று என்பதற்கு அறிகுறி.

நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய் என்பன உடையோரும், குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை என்பன உட்கொள்வோரும் அதனை வைத்தியருக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் தகாது.

சோதனை நாள்

நோயாளர் இடப்பக்கமாகச் சரிந்து, முழங்கால்களை மார்பை நோக்கி மடக்கிப் படுத்திருப்பர். பெரும்பாலும் நாளத்தின் வழியே அயர்வு தரும் மருந்து ஏற்றப்படும். அதனாற் பலர் நடந்ததை நினைவிற் கொள்வதில்லை. வைத்தியர் கருவியை மெல்லச் செலுத்தி, வாயுவினாற் குடலை விரித்து, தொடக்கவிடம் வரை சென்று, திரும்பி வருகையில் மடிப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்வர். வளைவுகளிற் சிறிது முறுக்குவலி தோன்றலாம். முளை அகற்றுவது நோவதில்லை. குடலின் உட்படை வெட்டுதலை உணர்வதில்லை. யாவும் அரைமணி முதல் ஒரு மணி நேரத்துள் முடிந்துவிடும்.

அதன்பின் சிறிது வாயு பிரியும், வயிறு பொருமும். அயர்வு மருந்து பெற்றவர் அன்று வாகனஞ் செலுத்தலும் முக்கிய பத்திரங்களிற் கையொப்பமிடலும் ஆகா. வீட்டிற்கு அழைத்துச் செல்ல ஒருவர் உடனிருத்தல் வேண்டும். குடலிற் துளை விழுதல் ஆயிரவருள் ஒருவருக்கு, அல்லது அதனினுங் குறைவாகவே நேர்வது. எனினும், கடும் வயிற்றுவலி, காய்ச்சல், மிகுந்த குருதிப்போக்கு என்பன தோன்றின் உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

எவர் செய்யவேண்டும்?

மலத்திற் குருதி காண்போர், மலங்கழியும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருப்போர், காரணமின்றிக் குருதிச்சோகையோ உடல் மெலிவோ உற்றோர் என்போர் வைத்தியரை அணுகல் வேண்டும். குருதிக்கு மூலநோயே காரணமாயிருத்தலும் கூடும்; ஆயின் மூலநோயுள்ளவருக்குப் புற்றுநோய் வாராதென்னும் நியதியில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருப்பின், குறியொன்றுந் தோன்றாவிடினும் உசாவுதல் நன்று. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே பெருங்குடற் பரிசோதனை யாவருக்கும் விதந்துரைக்கப்படுகின்றது. அகநோக்கலிற் குறையொன்றுங் காணப்படாதவர்க்கு அடுத்த சோதனை பெரும்பாலும் பத்தாண்டுகளின் பின்னரே வேண்டப்படும்.

நோயாளர் நாணத்தோடு கூறத் தயங்குவது வைத்தியருக்கும் தாதியருக்கும் நாள்தோறும் காணும் தொழிலேயாம். ஒரு நாட் பட்டினியும் சிறிது கூச்சமும் பொறுத்தற்கரியன அல்ல. காலந் தாழ்த்திக் கண்ட நோயோ, நோயுற்றவரை மட்டுமன்றி அவரை நம்பியிருக்கும் குடும்பத்தையும் வருத்துவதாகும்.