பிளாஸ்டிக் பொம்மைக்கு வர்ணம் பூசுமுன்...

ஸ்கெலட்டனிலிருந்து மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூர் வேலைக்குப் போய் வருபவருக்கு ஓய்வு ஞாயிறு ஒன்றுதான். அன்று உட்கார்ந்து, கொலு பொம்மைக்கோ, குடில் ஆட்டுக்குட்டிக்கோ, பிள்ளைகள் பலகையில் வைத்து ஆடும் போர்வீரனுக்கோ வர்ணம் பூசுகிறோம். அது வாரக்கணக்கில் கையில் ஒட்டினால்? காசும் போச்சு, ஞாயிறும் போச்சு!

குற்றம் வர்ணத்தில் இல்லை, அடிப்பூச்சில்தான்.

வளையும் பொம்மைகளில் பல பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. அதை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் மேலே கசியும். சில ஸ்பிரே பிரைமர்கள் அதன்மேல் பட்டால் உலராமல் பிசுபிசுக்கும்.

என்ன செய்யலாம்?

சனிக்கிழமை இரவு, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பொம்மையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். கொதிநீர் கூடாது, உருவம் கோணிவிடும். ஞாயிறன்று அக்ரிலிக் பிரைமரைத் தூரிகையால் அடிப்பாகத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். மறுநாளும் ஒட்டாமல் இருந்தால், அடுத்த ஞாயிறு முழுவதும் மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுக்கலாம். தடித்துப் பூசினால், வளையும் இடத்தில் வெடிக்கும்.

மண் பொம்மைக்கும் முதலில் வெள்ளைப் பூச்சு, பிறகுதானே வர்ணம்? அவசரக்காரன் இரண்டு முறை பூசுவான்!