ஒட்டிய மறுநாளே பஞ்சரா? டயருக்குள் கை விடுங்கள்!

பால் கேனோடு சொசைட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி காற்றிறங்கி நின்றால் அன்றைய பாலுக்கே ஆபத்து. அதுவும் நேற்றுத்தான் பஞ்சர் ஒட்டியிருப்பீர்கள்!

பெரும்பாலும் பழைய முள்தான் காரணம். சீமைக்கருவேல முள் டயருக்குள் முறிந்து நிற்கும். டியூபை மட்டும் ஒட்டினால் அதே முனை மறுபடி குத்தும். டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடைக்கச் சொல்லுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி சிக்கும்.

டியூபில் ஓட்டை எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். ரிம் பக்கம் என்றால் முள்ளைத் தேடிப் பயனில்லை. ஸ்போக்ஸ் கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது அதை மூடும் ரப்பர் பட்டை இற்றிருக்கும். முனையை அரத்தால் ராவி, புதுப் பட்டை போட வேண்டும். அருகருகே இரண்டு கீறலா? காற்று குறைந்த டயரில் மூட்டை ஏற்றிக் குழியில் இறங்கியிருக்கிறீர்கள்.

கடை பக்கம்தானே என்று காற்றில்லாமல் ஓட்டாதீர்கள். டயர் ரிம்மில் வழுக்கி, வால்வு அடியோடு பிய்ந்துவிடும். பிறகு புது டியூப்தான்.

‘டியூப்லெஸ் மாட்டலாமா?’ என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண ஸ்போக்ஸ் ரிம்மில் கம்பி கோத்த துளை வழியே காற்று கசியும். டியூப் இல்லாமல் நிற்காது.